தடைக்கால வேலைக்கு டூல்ஸ்: பெட்டியோட வர்ற இறக்குமதி செட்டா, நம்ம நாட்டுச் சரக்கா?

பாம்பன் டீசல்:

எல்லாருக்கும் வணக்கம். ஏப்ரல் 15 மீன்பிடித் தடை தொடங்குது, ஜூன் 14 வரைக்கும் விசைப்படகெல்லாம் கரையில. இன்ஜின் இறக்குறது, சாப்ட் கழட்டுறது, புரொப்பல்லர் மாத்துறதுன்னு ரெண்டு மாசமும் எங்களுக்கு ஸ்பேனர் கைய விட்டு இறங்காது. பட்டறைக்குப் புதுசா ரெண்டு தம்பிங்க வந்திருக்காங்க. அவங்களுக்குன்னு தனியா டூல்ஸ் வாங்கணும். ராமநாதபுரத்துல ஒரு கடையில பெரிய பிளாஸ்டிக் பெட்டி காட்டுறாங்க. பாக்ஸ் ஸ்பேனர், ராச்செட், ஆலன் கீ, பிட்டு, கட்டிங் பிளேயர் எல்லாம் சேர்த்து நூத்துச் சொச்சம் உருப்படி. அதே காசுக்கு நம்ம நாட்டு நாசிக் கம்பெனி டபாரியாவுல ஒரு ரிங் செட்டும் ஒரு டபுள் எண்ட் செட்டும் எடுத்தா கையில மிச்சம் நிக்காது.

எனக்கு அந்தப் பெட்டி மேல நம்பிக்கை இல்ல. போன தடைக்காலத்துல இந்த மாதிரிப் பெட்டியில இருந்த 19 சாக்கெட், கப்ளிங் போல்ட்டுல போட்டு இழுக்கும்போது நெடுக்கப் பிளந்துடுச்சு. இழுத்த பையன் கை இன்ஜின் பெட்ல மோதி விரல் முட்டியெல்லாம் தோல் உரிஞ்சு போச்சு. அதே நேரம், நல்ல கம்பெனி ஸ்பேனர் வாங்கி வச்சாலும் நம்ம ஊரு உப்புக் காத்துல துரு ஏறத்தான் செய்யுது. அதான் கேக்குறேன். வெளிநாட்டுச் சரக்குங்கிறதால ஆகலையா, மலிவுங்கிறதால ஆகலையா?

மண்டபம் லேத்:

தம்பி, மலிவுங்கிறதாலதான். இன்னும் சரியாச் சொன்னா, எந்த வேலையை விட்டுட்டு மலிவாக்குனாங்க என்பதைப் பொறுத்தது.

ஸ்பேனர் செய்யுறதுல செலவு பிடிக்கிற இடம் ரெண்டு. ஒண்ணு இரும்பு, இன்னொண்ணு தோய்ச்சல். காய்ச்சின இரும்பை அச்சுல வச்சு அடிச்சு உருவாக்கினா உள்ள இருக்கிற நார் ஸ்பேனரோட வடிவத்துலயே வளைஞ்சு ஓடும். உருக்கி ஊத்தி வார்த்தா அந்த நார் கிடையாது, உள்ள துளையும் இருக்கலாம். அடிச்ச பிறகு சிவக்கக் காய்ச்சி எண்ணெய்ல முக்கணும். அதோட விட்டா கண்ணாடி மாதிரி உடையும், அதனால மறுபடி இளஞ்சூட்டுல வச்சுப் பதம் இறக்கணும். இந்த ரெண்டாவது சூட்டுக்குத்தான் நேரம், எரிபொருள், கவனம் எல்லாம் வேணும். அவசரத்துல அதைக் குறைச்சா உங்க சாக்கெட்டுக்கு வந்த கதிதான். நெடுக்கப் பிளந்துதுன்னு சொன்னதுமே பதம் இறங்கலைன்னுதான் முதல்ல சந்தேகப்பட்டேன்.

அதுக்கு நேர் எதிர்க் கோளாறும் உண்டு. தலையில 8.8னு போட்ட போல்ட்டுக்கு ராக்வெல் சி கணக்குல கடினம் 20க்கு மேல, 30 சுமாருக்கு இருக்கும். நல்ல ஸ்பேனர் 40ஐத் தாண்டி நிக்கும். ஸ்பேனரும் 30லயே நின்னா நட்டும் அதுவும் சமபலம் ஆயிடும். அப்ப வாய் விரியும், நட்டு மூலையை மழுக்கும். உடையாத டூல்னு அதை மெச்சிக்க முடியாது. மழுங்கின நட்டை உளி வச்சு வெட்டி எடுக்கிற வேலை நமக்குத்தான் வரும்.

‘குரோம் வேனடியம்’னு பொறிச்சிருக்கேன்னு கேப்பாங்க. எழுத்தை யார் வேணும்னாலும் பொறிக்கலாம். செஞ்சவன் பேரு, ஐ.எஸ்.ங்கிற இந்தியத் தர எண்ணு, அளவு மூணும் பொருள்லயே இருக்கான்னு பாருங்க. கட்டிங் பிளேயருக்கு ஐ.எஸ். 3650, ஸ்க்ரூடிரைவருக்கு ஐ.எஸ். 844, சுத்தியலுக்கு ஐ.எஸ். 841. பேர் போடக் கூசுற பொருளை நான் பட்டறைக்குள்ள விடுறதில்ல.

கீழக்கரை மறைக்காயர்:

லேத் அண்ணன் சொன்னது சரி. ஒண்ணு மட்டும் சேக்கணும். ‘இறக்குமதி’ன்னா மட்டம்னு நம்ம ஆளுங்க பேசுறது எனக்கு ஒப்பல. நான் வளைகுடாவுல பிளான்ட் மெயின்டனன்ஸ்ல வேலை பாத்தவன். ஜெர்மனி வுப்பர்டால்ல செய்யுற நிப்பெக்ஸ் பிளேயரும் இறக்குமதிதான். ஊருக்கு வரும்போது கொண்டு வந்தது இன்னைக்கும் வீட்டுல இருக்கு, கம்பி வெட்டுற வாய்ல ஒரு பல் விழல. தைவான்ல செஞ்ச சாக்கெட்டும் ராச்செட்டும் பெரிய பெரிய அமெரிக்கப் பேர்ல விக்குது, தரத்துல குறை சொல்ல முடியாது. சீனாவுலயும் வாங்குறவன் என்ன கேக்குறானோ அதைச் செஞ்சு கொடுப்பான். காசைக் கூட்டிக் கொடுத்து, சோதிச்சுத்தான் வாங்குவேன்னு நின்னா நல்ல பொருள் வரும். விலையை மட்டும் அடிச்சுப் பேசினா அந்த விலைக்கான பொருள்தான் வரும்.

நம்ம பஞ்சாப் ஜலந்தரும் லூதியானாவும் அப்படித்தான். ஜலந்தர்ல கைக்கருவிக்குன்னே மத்திய அரசு நிறுவனம் ஒண்ணு 1983லேர்ந்து நடக்குது. அங்க அடிக்கிற ஸ்பேனர் கப்பல் ஏறி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகுது. அங்க உள்ளவங்களுக்கு நம்மளுது இறக்குமதிச் சரக்கு. அதே ஊர்லேர்ந்து பேரு ஊரு இல்லாத மட்டமான சரக்கும் நம்ம சந்தைக்கு வருது. அதை ‘இந்தியப் பொருள்’னு தலையில தூக்கி வைக்க முடியுமா?

ராம்நாடு வயரிங்:

மறைக்காயர் காக்கா, ஸ்பேனர் விஷயத்துல நீங்க சொல்றதை ஒத்துக்கிறேன். எங்க தொழில்ல கொஞ்சம் கடுமையாத்தான் பேசணும். கட்டிங் பிளேயர் கைப்பிடியில தடியா ஒரு ரப்பர் உறை இருந்தா கரண்ட்டுக்குத் தாங்கும்னு பலபேர் நம்புறாங்க. அந்த உறை பிடிமானத்துக்கு மட்டும்தான். உயிர் லைன்ல வேலை பாக்கத் தகுந்ததுன்னா ஐஇசி 60900ங்கிற உலகத் தர எண்ணும், ரெட்டை முக்கோணக் குறியும், 1000 வோல்ட்டுன்னும் போட்டிருக்கும். அந்த வகையில ஒவ்வொரு பீஸையும் தனித்தனியா 10,000 வோல்ட்ல சோதிச்சுத்தான் அனுப்பணும். பெட்டி செட்டுல வர்ற பிளேயர்ல ‘1000 வோல்ட்’னு வெறும் ஸ்டிக்கர் ஒட்டி வர்றதைப் பாத்திருக்கேன். எண்ணும் கிடையாது, குறியும் கிடையாது.

நம்ம பக்கம் இது இன்னும் ஆபத்து. உறையில ஒரு கீறல் விழுந்தா உப்பு ஈரம் உள்ள இறங்கி நிக்கும். வேர்த்த கை, ஈரத் தரை, இரும்பு ஷெட்டு. தயவுசெஞ்சு தம்பிங்களுக்குப் பிளேயரும் டெஸ்டரும் அந்தப் பெட்டியிலேர்ந்து எடுத்துக் கொடுக்காதீங்க. மத்ததுல மிச்சம் பிடிங்க.

தொண்டி ஹார்டுவேர்:

கடைக்காரன் பக்கத்தையும் கேளுங்க. நான் ரெண்டு வகையும் விக்கிறேன். வீட்டுல காலண்டர் மாட்ட ஒரு ஆணி அடிக்கணும், சைக்கிள் செயின் முடுக்கணும்னு வர்றவருக்கு மூணு மடங்கு விலையில சுத்தியலும் ஸ்பேனரும் எதுக்கு? அவருக்கு மலிவானது போதும், அதை மனசறிஞ்சு கொடுக்கிறேன். தொழில்காரர் வந்தா நானே கேட்டுடுவேன், ‘கூலிக்குப் போறதுக்கா, வீட்டுக்கா?’ன்னு. இதுல மறைக்க ஒண்ணுமில்ல.

பெட்டியில எல்லாரும் பாக்க வேண்டியது ஒரு ஒட்டு. இறக்குமதிப் பொருள்னா எந்த நாட்டுல செஞ்சது, இறக்கினவர் பேரும் முகவரியும், அதிகபட்ச விலை, புகார் சொல்ல ஒரு தொடர்பு எண் எல்லாம் இருந்தாகணும். 2011ல வந்த பொட்டலப் பொருள் விதிகள் அப்படித்தான் சொல்லுது. ஆன்லைன்ல விக்கிறவங்களும் அதைக் காட்டணும். அந்த ஒட்டே இல்லாம வர்ற பெட்டியை நான் இறக்குறதில்ல. உடைஞ்சா யாரைக் கேப்பேன்? வாங்கினவர் என்னைத்தான் கேப்பாரு.

இன்னொரு தொல்லை போலி. நல்ல கம்பெனி பேரை, நிறத்தை, எழுத்தைக் கூட அப்படியே போட்டு வருது. பில்லு இல்லாம விலை ரொம்பக் குறைச்சுக் கொடுத்தா அங்கேயே சந்தேகப்படுங்க.

ராமேஸ்வரம் படகு டிரைவர்:

கரையில உடைஞ்சா கை உரியும், இன்னொரு ஸ்பேனர் எடுத்துக்கலாம். கடல்ல உடைஞ்சா?

பாக் நீரிணையில ராத்திரி வலை இறக்கி இழுத்துட்டிருக்கும்போது டீசல் லைன்ல காத்துப் பிடிச்சு இன்ஜின் நின்னா, பைப் நட்டைத் தளர்த்திக் காத்தை எடுக்கணும். சின்ன வேலைதான். ஆனா அந்த நட்டு பித்தளை. வாய் விரிஞ்ச ஸ்பேனரைப் போட்டா மூலை போயிடும். அப்புறம் ஒண்ணும் செய்ய முடியாது, நீரோட்டம் எங்க தள்ளுதோ அங்க போக வேண்டியதுதான். 1974 ஒப்பந்தத்துல இலங்கையோட போட்ட எல்லைக்கோடு நம்ம துறைமுகத்துலேர்ந்து எவ்வளவு கிட்டன்னு இங்க உள்ளவங்களுக்குத் தெரியும். இன்ஜின் பழுதாகி மிதந்து போனேன்னு சொன்னா அந்தப் பக்கம் கேக்க ஆள் இல்ல. படகும் போகும், ஆளும் உள்ள போவாங்க.

அதனால படகுல வைக்கிற டூல்ஸ்ல மிச்சம் பாக்காதீங்கன்னு எல்லா ஓனர்கிட்டயும் சொல்றேன். பத்துப் பதினஞ்சு உருப்படி போதும், ஆனா ஒவ்வொண்ணும் நம்பிப் போடுற மாதிரி இருக்கணும். லட்சக் கணக்குல டீசலும் ஐஸும் வலையும் போட்டுட்டு ஸ்பேனர்ல சிக்கனம் பிடிக்கிறதைப் பாத்தா எனக்கு ஆத்திரமா வருது.

பட்டறை ஆசிரியை:

வணக்கம். நான் ஐடிஐயில் பிட்டர் பிரிவு நடத்துகிறேன். படகு டிரைவர் அண்ணன் எழுதியதை என் மாணவர்களுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன்.

கடையில் நின்றுகொண்டே பார்க்கக்கூடிய சோதனைகள் சில உண்டு. கட்டிங் பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வெட்டும் வாயில் ஒளி தெரிந்தால் வைத்துவிடுங்கள். கீலில் ஆட்டம் இருந்தாலும் அப்படியே. ஸ்பேனரைப் புது போல்ட்டின் தலையில் மாட்டி இப்படி அப்படி அசையுங்கள். நல்லதில் மிகச் சிறிய இடைவெளிதான் இருக்கும். பெட்டி செட்டுகளில் 12 மூலை சாக்கெட்தான் அதிகம் வரும். துருப்பிடித்த நட்டுக்கு அது ஆகாது, 6 மூலை சாக்கெட் வாங்குங்கள். அது நட்டின் பக்கங்களைப் பிடிக்கும், மூலையைச் சுரண்டாது. கடைக்காரர் அனுமதித்தால் பழைய அரம் ஒன்றால் உளியின் வாயில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். சரியாகத் தோய்ச்சல் ஏறியிருந்தால் அரம் வழுக்கும், இல்லையென்றால் கடிக்கும். ஆக்சா பிளேடு மலிவாக வாங்கினால் பல் கொட்டும் என்று குறை சொல்வார்கள். பாதி நேரம் காரணம் வேறு. மெல்லிய குழாயை அங்குலத்துக்கு 18 பல் உள்ள பிளேடால் அறுத்தால் எந்த நாட்டுப் பிளேடும் பல்லை இழக்கும். குறைந்தது மூன்று பல்லாவது ஒரே நேரத்தில் இரும்பில் படும்படி 24 அல்லது 32 பல் எடுக்க வேண்டும்.

துருவைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. காரைக்குடியில் உள்ள சிக்ரி என்ற மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அரிமானத்தை ஆராய மண்டபம் முகாமில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது என்றால், நம் காற்று எப்படிப்பட்டது என்று புரிந்துகொள்ளலாம். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாம்பன் பாலத்துக்கே துருப்பிடிக்காத கம்பியும் பாலிசிலோக்சேன் பூச்சும் தேவைப்பட்டன. சமையல் உப்பு காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் நீரை இழுத்துக் கரையும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது, அது 33 விழுக்காடு அளவிலேயே நீரை இழுக்கும். நம் கடற்கரையில் காற்று அவ்வளவு வறளும் நாள் அரிது. ஆக, உப்புப் படிந்த ஸ்பேனர் வெயில் நாளிலும் ஈரமாகவே கிடக்கிறது.

பெரும்பாலான பட்டறைகளில் வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்து வைக்கிறார்கள். உப்பின் மேல் எண்ணெய் பூசினால் உப்பு உள்ளேயே இருந்து அரிக்கும். முதலில் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், துடைத்துக் காய வையுங்கள், அதன் பிறகுதான் எண்ணெய். பளபளப்பைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். குரோம் பூச்சு மிக மெல்லியது, கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் அதில் உண்டு. இரும்பைக் காப்பது அதன் அடியில் இருக்கும் நிக்கல். மலிவுச் செட்டில் நிக்கலைக் குறைத்துவிடுவார்கள். பூச்சு தோலாக உரிந்து கையைக் கிழிக்கும்.

தங்கச்சிமடம் தச்சு:

எல்லாரும் ஸ்பேனர், பிளேயர்னு பேசுறீங்க. மர வள்ளம் கட்டுற எங்களுக்கு டபாரியாவும் இல்ல, சீனாவும் இல்ல. மரம் செதுக்குற எங்க வாய்ச்சியை எந்தக் கம்பெனி செய்யுது? வள்ளத்துக்கு விலா எலும்பு மாதிரி நிக்கிற வங்குக்குப் பூவரசு, வேம்புன்னு வளைஞ்ச மரத்தைத் தேடி எடுத்து, அந்த வளைவுக்குத் தக்கபடி வாய்ச்சியாலதான் செதுக்கி இறக்கணும். அதோட வாய் அகலம், கழுத்துச் சாய்வு எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். கலப்பத்து அடிக்கிற உளியும் அப்படித்தான். பலகை இடுக்குல பஞ்சைத் திணிக்கணும், பலகையை வெட்டிடக் கூடாது. அதனால வாய் மழுங்கலா, மட்டமா இருக்கணும்.

உளி மட்டும் ஒரு தடவை இறக்குமதி செட்டு வாங்கிப் பாத்தோம். மஞ்சள் கைப்பிடி, பாக்க லட்சணமாத்தான் இருந்துச்சு. மெது மரத்துல ஓடுது. நாட்டுக் கருவேலத்துல நாலு அடி அடிச்சா வாய் மடங்கிப் போகுது. தீட்டித் தீட்டியே பொழுது போயிடும். கொல்லுப்பட்டறையில லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டி அடிச்சுக் கொடுத்த உளி கருப்பா, அவலட்சணமா இருக்கும். காலையில தீட்டினா சாயங்காலம் வரைக்கும் வெட்டும்.

சாயல்குடி பனை:

தச்சு அண்ணே, இதைச் சொல்ல ஒரு ஆள் வந்தீங்களே. உள்நாட்டுச் சரக்குன்னா நாசிக்கும் ஜலந்தரும் மட்டும்னு பேச்சு போகுதேன்னு மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு.

பாளை அருவா கடையில தொங்காது. பனை ஏறுறவர் கொல்லர்கிட்ட போயி, தன் கைக்கு எவ்வளவு கனம், எவ்வளவு வளைவுன்னு சொல்லிச் செய்யணும். பாளையைக் காகிதம் கணக்கா மெல்லிசாச் சீவணும், நைஞ்சா பதநீர் ஒழுங்கா வடியாது. அதுக்குத் தகுந்த தோய்ச்சலைக் கொல்லர் கண்ணாலதான் பாக்குறாரு. தீட்டின இரும்பு சூடேறும்போது வைக்கோல் நிறம் வந்து, பழுப்பாகி, ஊதாவாகி நீலத்துக்குப் போகும். எந்த நிறத்துல தண்ணியில வைக்கணுங்கிறதுதான் அவர் தொழில். லேத் அண்ணன் சொன்ன பதம் இறக்குறது இதேதான், மீட்டர் மட்டும் கிடையாது.

திருப்பாச்சேத்தி அருவான்னா தமிழ்நாடு முழுக்கத் தெரியும். நம்ம கடலாடி, முதுகுளத்தூர்ப் பக்கம் இருக்கிற பட்டறைங்களை யாரும் பேசுறதில்ல. கரிமூட்டத்துக்குச் சீமைக் கருவேலம் வெட்டுற சனங்க சந்தையில மெல்லிசுத் தகடு அருவா வாங்க ஆரம்பிச்ச பிறகு பட்டறைக்கு வேலை குறைஞ்சு போச்சு. அந்த அருவாவை மறுபடி அடிச்சு வாய் எடுக்க முடியாது, தேஞ்சா தூக்கிப் போட வேண்டியதுதான். கொல்லர் அடிச்சதை வருஷா வருஷம் காய்ச்சி, வாய் இழுத்து, அப்பா வச்சிருந்ததை மகன் வச்சிருக்கான். விலையை ஒப்பிடுறவங்க இதையும் கணக்குல சேருங்க.

தொண்டி ஹார்டுவேர்:

சாயல்குடிக்காரரே, உங்க ஆதங்கம் புரியுது. ஆனா கொல்லர் பட்டறையில சொன்ன தேதிக்குப் பொருள் கிடைக்கிறதில்ல. அன்னாடம் கூலிக்குப் போறவர் நாளைக் காலையில அருவா இல்லாம நிக்க முடியாது. கையில இருக்கிற காசுக்கு இன்னைக்கு என்ன கிடைக்குமோ அதைத்தான் வாங்குவாரு. அவரைக் குறை சொல்லக் கூடாது.

மண்டபம் லேத்:

அவரை யாரும் குறை சொல்லல. ஆனா மலிவு டூல் ஏழைக்கு உதவுதுன்னு சொல்லாதீங்க, அதை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். உடைஞ்ச அன்னைக்குப் போற கூலி யாரு கணக்குல சேருது? நல்ல ஸ்பேனரைத் தவணையில கொடுங்க. செட்டாத்தான் வாங்கணும்னு கட்டாயப்படுத்தாம 13, 17, 19னு உதிரியாக் கொடுங்க. கடைக்காரங்க செய்யக்கூடிய உதவி அதுதான். புதுசாத் தொழிலுக்கு வர்ற பையனுக்குப் பாதி அளவு தேவையே இல்ல. நூறு உருப்படி பெட்டியில எண்பது அவன் வாழ்நாள்ல தொடாத பிட்டு.

தொண்டி ஹார்டுவேர்:

உதிரி கொடுக்கிறேன் அண்ணே, எப்பவும் கொடுத்துட்டுத்தான் இருக்கேன். தவணை தெரிஞ்ச முகத்துக்கு உண்டு.

கீழக்கரை மறைக்காயர்:

படகுல எஸ்எஸ்ங்கிற துருப்பிடிக்காத இரும்பு போல்ட்டு போடுறவங்களுக்கு ஒரு சின்ன விஷயம். துருப்பிடிச்ச ஸ்பேனரையோ சாதா இரும்பு பிரஷ்ஷையோ அதுல போட்டா இரும்புத் துகள் ஒட்டி எஸ்எஸ் மேலயே துரு ஓடும். பொருள் போலின்னு சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி ஸ்பேனரைப் பாருங்க.

பாம்பன் டீசல்:

எல்லாருக்கும் நன்றி. பெட்டி வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். தம்பிங்களுக்கு ரிங் ஸ்பேனரும் டபுள் எண்டும் உதிரியா நம்ம நாட்டு நல்ல கம்பெனி, 10லேர்ந்து 24 வரைக்கும் தேவைப்படுற அளவு மட்டும். 6 மூலை சாக்கெட் 17, 19, 24, ஒரு ராச்செட், இதுக்குத் தைவான் சரக்கு கிடைச்சா அதையே எடுக்கிறேன். வயரிங் அண்ணன் சொன்ன குறி உள்ள பிளேயர் ஒண்ணு. சுத்தியல், பஞ்ச், உளி கொல்லர்கிட்ட. சுரண்டுற தகடு, பெயின்ட் பிரஷ், கிரீஸ் கன் மலிவானதே போதும். டீச்சர் சொன்னபடி ஒரு டிரம்முல நல்ல தண்ணி வச்சு, கழுவாம எண்ணெய் பூசக் கூடாதுன்னு பட்டறையில சொல்லியாச்சு.

ஒண்ணு மட்டும் பாக்கி. சாப்ட் வெளிய போற ஸ்டெர்ன் டியூப்ல தண்ணி உள்ள வராம முடுக்குற கிளாண்டு நட்டுக்கு இப்ப பைப் ரிஞ்ச்தான் போடுறோம். அதுல 24 இன்ச் எந்தக் கம்பெனி எடுக்கலாம்?

மண்டபம் லேத்:

எந்தக் கம்பெனியும் வேண்டாம். கிளாண்டு நட்டு வெண்கலம், பைப் ரிஞ்ச் பல்லு அதைக் கடிச்சுத் தின்னுடும். அதுக்கு வெளிப்பக்கம் வெட்டு இருக்கும் பாருங்க, அந்த வெட்டுல மாட்டுற ஹூக் ஸ்பேனர்தான் போடணும். கடையில உங்க அளவுக்குக் கிடைக்காது. நட்டோட வெளி விட்டம், வெட்டோட அகலம், ஆழம் மூணையும் வெர்னியர்ல எடுத்துட்டு வாங்க. ஸ்பிரிங் பட்டையில வெட்டித் தோய்ச்சல் போட்டுத் தர்றேன். கைப்பிடி நீளம் இன்ஜின் ரூம்ல எவ்வளவு இடம் இருக்குன்னு அளந்துட்டுச் சொல்லுங்க.